பஞ்சுப் பெடல் படலம்

மோட்டார் உலகத்தின் முதல் பிரேக் புகாரைக் கொடுத்தவர் பெர்தா பென்ஸ். புகாரை வாங்கிக்கொண்டவர் அவருடைய கணவர் கார்ல்.

1888 ஆகஸ்டில் ஒருநாள் அதிகாலை, கணவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவர் செய்து வைத்திருந்த மூன்று சக்கர வண்டியைக் கிளப்பினார் பெர்தா. பதின்வயதுப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். புருஷனோடு சண்டை ஒன்றும் இல்லை. வண்டி ஓடும் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். காட்ட வேண்டியவரோ பட்டறையை விட்டு வெளியே வருவதாக இல்லை. வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேட்டில் வண்டி திணறியது. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில்தான் வம்பு. பிரேக் என்று அதில் இருந்தது மரக்கட்டை. அது தேய்ந்து தேய்ந்து, வண்டி நிற்பதா வேண்டாமா என்று தானே முடிவெடுக்க ஆரம்பித்தது. பவ்ஷ்லாட் என்ற ஊரில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து, கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார் பெர்தா. மோட்டார் உலகத்தின் முதல் பிரேக் லைனர் அதுதான். முதல் பிரேக் ‘அப்கிரேடு’ம் அதுதான். அடித்து முடித்ததும் பெடல் மெத்தென்று போகிறது என்று யாரும் புலம்பவில்லை, ஏனென்றால் இழுப்பதற்கு அங்கே இருந்தது ஒரு கைப்பிடி.

இங்கிலாந்தில் இதே தோல் ஞானம் வேறு வழியாக வந்தது. டெர்பிஷயர் மலைப்பாதையில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்ஸைப் பிரேக் கட்டைக்கு முட்டுக்கொடுத்து ஓட்டுவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். பிறர் செருப்பு தேய்வதைப் பார்த்துப் பரிதாபப்படுவது நம் வழக்கம். ஃப்ரூட் அதைப் பார்த்து 1897-ல் வியாபாரம் தொடங்கினார். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து, ‘ஃபெரோடோ’ என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். இன்றும் கடையில் பிரேக் பேடு கேட்டால் அந்தப் பெட்டியை எடுத்து மேஜையில் வைக்கிறார்கள்.

ஆனால் கதை சூடுபிடிப்பது பிரேக்கில் ஆயில் புகுந்த பிறகுதான். அதற்கு இருநூறு, முந்நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஒரு மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும் என்று பிரான்சில் பாஸ்கல் எழுதிவைத்தார். அந்த நூல் அவர் இறந்த மறுவருடம், 1663-ல் அச்சானது. அதற்கு முந்தைய வருடம்தான் ராபர்ட் பாயில், காற்றை அழுத்தினால் அது அதே விகிதத்தில் சுருங்கும் என்று அச்சிட்டிருந்தார். ஆக, பாஸ்கல் பிரேக்கைக் கண்டுபிடித்தார்; பாயில் அதற்கு ஒரு வருடம் முன்பே, ஆயிலில் காற்று புகுந்து மெத்தென்று போகும் பஞ்சுப் பெடலைக் கண்டுபிடித்துவிட்டார். காரைத்தான் இருவருமே பார்க்கவில்லை.

பாஸ்கல் சொன்னதை முதன்முதலில் காசாக்கியவர் ஜோசப் பிராமா. லண்டனில் பட்டறை நடத்தியவர். 1778-ல் கக்கூஸுக்குக் காப்புரிமை வாங்கியவர் என்பதால், தண்ணீரின் குணம் அவருக்கு நன்றாகவே தெரியும். 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். சின்னக் குழலில் மெல்ல அழுத்தினால் பெரிய குழலில் மலையே எழும்பும். காகிதத்தில் எழும்பியது. பட்டறையில் ஒழுகியது. பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாக அடைத்தால் நகரவில்லை. தளர்த்தினால் தண்ணீர் பீய்ச்சியது. பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர்தான் கிண்ணம் கவிழ்த்த வடிவில் ஒரு தோல் வளையம் செய்து வைத்தார் என்பார்கள். அழுத்தம் ஏற ஏற அந்தத் தோல் தானாக விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும்; அழுத்தம் விட்டால் தளரும். நம்மூர் மெக்கானிக் ‘வாஷர் போச்சு சார், கிட் மாத்தணும்’ என்று சொல்லும் அந்த ரப்பர் கப்புக்கு அதுதான் கொள்ளுப்பாட்டன். இதைச் செய்தவர் பிறகு சம்பள உயர்வு கேட்டார். பிராமா கொடுக்கவில்லை. 1797-ல் மாட்ஸ்லே வெளியேறி சொந்தப் பட்டறை போட்டு, எஜமானைவிடப் பெரிய ஆளானார். தொழில்நுட்ப வரலாறு என்பதில் பாதி, இன்க்ரிமெண்ட் மறுக்கப்பட்டவர்களின் வரலாறு.

இனி அமெரிக்கா. மால்கம் லாகீட் 1917-ல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தம்பி ஆலன் விமானம் செய்துகொண்டிருந்தார். பெயரை ஆளாளுக்குக் கடித்துத் துப்பியதால் இருவருமே கம்பெனிகளுக்கு ‘லாக்ஹீட்’ என்று எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டார்கள். அண்ணன் நிறுத்துகிற தொழில், தம்பி பறக்கிற தொழில். அம்மாவுக்கு எந்தப் பிள்ளையை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. 1921-ல் டியூசன்பெர்க் கார்கள் நான்கு சக்கர ஹைட்ராலிக் பிரேக்கோடு பிரெஞ்சு கிராண்ட் பிரீக்குப் போயின. ஜிம்மி மர்ஃபி வளைவுகளில் மற்றவர்களைவிடப் பிந்திப் பிரேக் பிடித்து முந்திக்கொண்டு ஜெயித்தார். அதே வருடம் விற்பனைக்கு வந்த டியூசன்பெர்க் காரிலும் அந்தப் பிரேக் வந்தது.

வாங்கியவர்கள் பணக்காரர்கள் என்பதால் ஒழுகுவதைக் கண்டுகொள்ளவில்லை. லாகீட் போட்டிருந்த கப் பதப்படுத்தாத தோல். பிராமா காலத்துச் சங்கடம் நூறு வருடம் கழித்து அப்படியே திரும்பி வந்திருந்தது. 1924-ல் கிரைஸ்லர் காரின் பொறியாளர்கள் தோலைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் கப் போட்ட பிறகுதான் சாமானியன் காருக்கு அது ஏற்றதானது. அந்தக் காலத்துப் பிரேக் ஆயிலில் பாதி என்ன தெரியுமா? நம் விளக்கெண்ணெய். இன்னொரு பாதி சாராய வகை. ரப்பரைக் கரைக்காது, குளிரில் உறையாது என்று இரண்டையும் கலந்தார்கள். தனித்தனியாக மனிதனுக்குள் போனால் என்ன செய்யும் என்று தெரிந்த இரண்டு வஸ்துகளை ஒன்றாகச் சேர்த்து, உயிரைக் காப்பாற்றும் பொறுப்பைக் கொடுத்த துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஹென்றி ஃபோர்டு பாராட்டவில்லை. ஒரு குழாய் ஓட்டை விழுந்தால் நாலு சக்கரமும் போச்சு என்பது அவர் வாதம். அன்றைக்கு ஒற்றைச் சுற்றுதான் இருந்தது. அதனால் வாதத்தில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். பெடலிலிருந்து சக்கரம் வரை எஃகுதான் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்தார். 1928-லேயே விலை மலிவான பிளிமத் கார் ஹைட்ராலிக்கோடு வந்தும், பெரியவர் அசையவில்லை. 1939-ல்தான் ஃபோர்டு கார்களுக்கு ஆயில் பிரேக் வந்தது. அதுவரை ஃபோர்டு ஓட்டியவர்கள் ஒன்றை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்: கம்பியில் காற்று அடைக்காது.

டிஸ்க் பிரேக் கதையும் இதே அழகில்தான். 1902-லேயே பர்மிங்ஹாமில் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் காப்புரிமை எடுத்துவிட்டார். தட்டை இருபுறமும் செம்பால் கவ்வ வேண்டும். கவ்வியது. கவ்வும்போது எழுந்த கிறீச்சில் ஊரே எழுந்தது. பிறகு நம் ஃப்ரூட்தான் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் கொடுத்து அதன் வாயை அடைத்தார். (நுரையீரல் விஷயம் பின்னால் தெரிந்தது, அதில் சிரிக்க ஒன்றுமில்லை.) 1949-ல் அமெரிக்காவில் கிராஸ்லி என்ற குட்டிக் காருக்கு டிஸ்க் போட்டார்கள். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பழையபடி டிரம் பிரேக்குக்கே திரும்பினார்கள்.

வென்று காட்டியது ஜாகுவார். டன்லப் கம்பெனியோடு சேர்ந்து, சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸை உட்காரவைத்து, சி டைப் காரில் டிஸ்க்கைப் பழக்கினார்கள். 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் மணிக்கு 100 மைலுக்கு மேல் சராசரி வேகத்தில் ஜெயித்தார்கள். அங்கே அதுவரை யாரும் தொடாத வேகம். முந்தின இரவு தங்களைத் தகுதிநீக்கம் செய்துவிட்டதாக நினைத்துக் குடிக்கப் போய்விட்டோம், காலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், போதை தெளியாமலே ஓட்டினோம் என்று ஹாமில்டன் பிற்காலத்தில் கதை சொன்னார். அணி மேலாளர் லாஃப்டி இங்கிலாந்து அதை மறுத்தார். எது உண்மையானாலும், பிரேக் நிதானமாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

இந்த இடத்தில்தான் நம் நோயாளி, பஞ்சுப் பெடல், புது அவதாரத்தில் வருகிறது. டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க்கில் கிடையாது, பேடு தட்டை உரசியபடியே சும்மா நிற்கும். வேகமான வளைவில் அச்சு நெளிந்தால், அல்லது பேரிங்கில் ஆட்டம் இருந்தால், தட்டு சாய்ந்து பேடைப் பிஸ்டனோடு பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த வளைவில் மிதித்தால் முதல் மிதி வீண். பேடு தட்டைத் தேடிக்கொண்டு வருகிறது. பந்தயக்காரர்கள் அதனால்தான் நேர்ச்சாலையிலேயே இடது காலால் பெடலை ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்கொள்வார்கள். காற்றும் இல்லை, கசிவும் இல்லை, ஆனாலும் பெடல் கீழே போகிறது என்றால் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது அன்று தொடங்கிய சாஸ்திரம்.

பந்தயத்தில் ஜெயித்தது எதுவும் பக்கத்து வீட்டு கராஜுக்கு வராமல் இருக்காது. இங்கிலாந்தில், வைத்திருந்தவர்களின் கைவேலையாக, டிஸ்க் மாரிஸ் மைனருக்கு வந்தது. அலெக் இஸிகோனிஸ் வடித்து 1948-ல் வெளிவந்த கார். முதலாளி நஃபீல்டு பிரபு அதைப் பார்த்துவிட்டு வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை என்று முகம் சுளித்தார். முட்டை பதினாறு லட்சம் விற்றது. நம் அம்பாசடர் பிறந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபர்ட் வம்சத்துக்கு இது சின்னத் தம்பி. இலங்கையில் இன்றும் இதைப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோல் வைத்திருக்கிறார்கள். 1990-களில் இதற்கான தகட்டுப் பாகங்களை அங்கே அடித்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். ஆண்டவனுக்கே திருநீறு பூசிய கதை.

ஆரம்ப மைனருக்கு முன்பக்கம் 7 அங்குல டிரம். அன்றைய எஞ்சினுக்கு அது போதும். ஆனால் இங்கிலாந்தில் மைனர் வைத்திருக்கும் அன்பர் எஞ்சினைச் சும்மா விடுவாரா? பெரிய எஞ்சினை உள்ளே திணிப்பார். பிறகு நிற்கவில்லை என்பார். பிறகு மாரிஸ் மரீனா காரின் டிஸ்க்கை முன்பக்கம் மாட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மாலை, கையெல்லாம் கறுப்பாக, பெருமையோடு ஏறி உட்கார்ந்து மிதிப்பார். பெடல் தரையைத் தொடும்.

உடனே அவர் செய்யும் காரியம், இருப்பதிலேயே விலை கூடிய சாமானைச் சந்தேகிப்பது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போச்சு என்று தீர்ப்பு எழுதிவிடுவார். மைனரில் அது எங்கே இருக்கிறது என்றால், ஓட்டுநரின் காலுக்குக் கீழே, சட்டத்துக்குள். ஆயில் ஊற்றவே கார்ப்பெட்டைத் தூக்கி, மூடித் தகட்டைக் கழற்றி, குனிந்து தேட வேண்டும். கழற்றுவது இன்னும் விசேஷம்: போல்ட்டை உருவினால் முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். இஸிகோனிஸ் மேதை என்பதில் ஐயமில்லை. அவர் தானே மாஸ்டர் சிலிண்டர் மாற்றியவர் இல்லை என்பதிலும் ஐயமில்லை.

அதைக் கழற்றும் முன் பெடலோடு கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். வேகமாக நாலு முறை மிதித்தால் பெடல் மேலே ஏறி வருகிறதா? ஏறியும் மெத்தென்றே இருந்தால் காற்று. ஏறிக் கல்லாக நின்றால் சந்தேகம் பின்பக்கம் போக வேண்டும்: டிரம் ஷூவை யாரும் அட்ஜஸ்ட் செய்யவில்லை. முன்பக்கம் டிஸ்க் போட்ட உற்சாகத்தில் பின்னால் ஒரு டிரம் ஜோடி இருப்பதையே மறந்துவிடுவது உலக வழக்கம். அதெல்லாம் இல்லாமல், காலை அழுத்தியபடி வைத்திருந்தால் பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறதா? அப்போது மாஸ்டர் சிலிண்டரைத் திட்டுங்கள். அதற்கு முன் எங்கேயாவது ஈரம் இருக்கிறதா என்று காருக்கு அடியில் ஒரு பார்வை.

நம் அன்பருடைய பெடல், ‘காற்று’ என்றது. அவர் ஏர் எடுத்தார். மனைவி பெடலை மிதிக்க, இவர் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறக்க, ‘மிதி’, ‘பிடி’, ‘விடு’ என்று மூன்று வார்த்தையில் இல்லறம் நடந்தது. பாட்டில் பாட்டிலாக ஆயில் போனது. பெடல் மாறவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, நிப்பிள் ஏன் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிறது என்று கேட்டார். இடது காலிப்பர் வலதிலும், வலது இடதிலும் உட்கார்ந்திருந்தன. போல்ட் பொருந்தியது, பேடு பொருந்தியது, தட்டும் சுழன்றது. காற்று மட்டும் மேலே ஏறி உச்சியில் உட்கார்ந்துகொண்டு, கீழே ஆயில் வழிவதை வேடிக்கை பார்த்தது. டிஸ்க் மாற்றும் கூட்டத்தில் இதைவிடப் பிரபலமான தவறு கிடையாது.

எவ்வளவு காற்று இருந்தால் பெடல் போகும் என்று ஒரு கணக்கு. முன்னால் 54 மில்லிமீட்டர் பிஸ்டன் நாலு. ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் இரண்டேகால் மில்லிலிட்டர் ஆயில் போதும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் லைனில் 70 பார் அழுத்தம் வரும். பாயில் சொன்னபடி காற்று எழுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆக, அரை டீஸ்பூனுக்கும் குறைவான காற்று, நாலு பிஸ்டனுக்கும் போக வேண்டிய ஆயிலைத் தனியாளாகச் சாப்பிட்டு முடித்துவிடும்.

காலிப்பரை இடம் மாற்றிப் போட்டதும் பெடல் பாதி சரியானது. மீதிப் பாதி காற்று இல்லை, அளவு. அதே கணக்கில், மாஸ்டர் சிலிண்டரின் துளை முக்கால் அங்குலம் என்றால் அதன் பரப்பு 285 சதுர மில்லிமீட்டர்; ஆயிலைத் தள்ள 8 மில்லிமீட்டர் நகர வேண்டும். பெடல் நெம்புகோல் ஐந்துக்கு ஒன்று என்றால் காலுக்கு 40 மில்லிமீட்டர். துளையை 7/8 அங்குலம் ஆக்கினால் பரப்பு 388. கால் 30 மில்லிமீட்டர் போனால் போதும். டிரம்முக்குள் இருந்த சின்ன வீல் சிலிண்டருக்கென்று அளந்து வைத்த பழைய மாஸ்டரிடம் பெரிய காலிப்பருக்கு ஆயில் கேட்டால், அது பாவம், காலைத் தரைவரை கூட்டிப்போய்க் காட்டும். தள்ளுவதற்கு அவ்வளவுதான் உண்டு.

இன்னும் இரண்டு பழைய பாவம் பாக்கி. டிரம் பிரேக் மாஸ்டருக்குள், லைனில் கொஞ்சம் அழுத்தம் எப்போதும் தங்கட்டும் என்று ஒரு வால்வு வைத்திருப்பார்கள். ஷூவுக்கு ஸ்பிரிங் உண்டு, தாங்கும். டிஸ்க்குக்கு அதை அப்படியே விட்டால் பேடு தட்டைவிட்டு அகலாது. சுடும், ஆயில் கொதிக்கும், கொதித்த ஆயில் ஆவியாகும், ஆவி அழுத்தினால் சுருங்கும், மறுபடி பெடல் பஞ்சு. சரி என்று வால்வை அடியோடு எடுத்தால், மாஸ்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும் கார்களில் ஆயில் மெல்லத் திரும்பி வடிந்துவிடும். அதற்கென்று இரண்டு பவுண்டு அழுத்தத்துக்கு மட்டும் நிற்கும் குட்டி வால்வு தனியாக விற்கிறார்கள். இரண்டாவது பாவம், அங்கங்கே வெடித்த பழைய ரப்பர் ஓஸை அப்படியே விட்டுவைப்பது. மிதிக்கும்போது ஒருவர் அதைக் கையால் பிடித்துப் பார்த்தால் போதும். உள்ளங்கையில் அது உப்புவது தெரியும்.

அன்பர் எல்லாம் செய்தார். பெரிய மாஸ்டர், புது ஓஸ், சரியான வால்வு, பின்பக்க ஷூ அட்ஜஸ்ட்மெண்ட். பெடல் கல்லானது. கல்லாகிவிட்டதால் மிதிக்கத் தொடை வலித்தது. துளையைப் பெரிதாக்கினால் தூரம் குறையும், பலம் கூடுதலாகக் கேட்கும் என்பதைப் பாஸ்கல் முதலிலேயே சொல்லியிருந்தார். எனவே மிதிக்குக் கூடுதல் பலம் தரும் சர்வோ வாங்கினார். தனியாக பானட்டுக்குள் மாட்டும் வகை. காற்று தங்காதபடி அதன் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பானட் மூட வேண்டுமே என்று இவர் படுக்கவைத்து மாட்டினார். மறுபடி ‘மிதி’, ‘பிடி’, ‘விடு’. இந்த முறை மனைவி சம்பளம் கேட்டார்.

சர்வோவை நிமிர்த்தி, மிச்சக் காற்றையும் எடுத்து, எஞ்சின் ஓடாத நிலையில் மிதித்துப் பார்த்தார். கல். காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியதும் பெடல் காலடியில் ஒரு அங்குலம் அழகாக இறங்கியது. முகம் செத்துப்போய் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

“எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும்தானே இறங்குது?”

“ஆமாம்.”

“அதுக்குத்தானே சார் காசு கொடுத்து சர்வோ வாங்கினீங்க.”